எழுத்தால் உரையாடும் வகுப்பு



வகுப்பு என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன நான்கு சுவர்களும் ஒரு கரும்பலகையும் வரிசையாகப் போடப்பட்ட பெஞ்சுகளுமே. ஆசிரியர் பேசுவார், மாணவர் கேட்பர். துணிவுடைய மாணவன் எழுந்து நின்று தன் ஐயத்தைக் கேட்பான். துணிவில்லாதவன் மணி அடிக்கும்வரை பொறுத்திருந்து, பக்கத்தில் இருப்பவனிடம் மெல்லக் கேட்டுத் தெரிந்து கொள்வான். கேட்ட வினாவும் சொன்ன விடையும் அன்றே காற்றோடு கலந்து மறைந்துவிடும். அடுத்த ஆண்டு வரும் மாணவன் அதே ஐயத்தை மீண்டும் முதலிலிருந்து கேட்க வேண்டும்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாக் கொள்ளைநோயை முன்னிட்டு நாடெங்கும் கல்லூரிகள் மூடப்பட்டன. அப்பொழுது நான் ஒரு கல்லூரியில் கணினியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். அடுத்த பருவத்தில் நான் நடத்த வேண்டிய பாடம் தரவுத்தளம். மாணவர் 60 பேர். அவர்களுள் பலர் சிற்றூர்களில் இருந்தனர். மொட்டைமாடிக்கு ஏறினாலன்றித் தொலைபேசிக்குத் தொடர்பு கிட்டாத வீடுகளும் இருந்தன. இவர்கள் அனைவரையும் ஒரே நேரத்தில் திரையின்முன் அமர்த்துவது இயலாத செயல் என்று கண்டேன். ஆகவே, விரிவுரைகளைப் பதிவு செய்து அனுப்பிவிட்டு, ஐயங்களையும் விவாதங்களையும் எழுத்திலேயே நடத்துவது என்று முடிவு செய்தேன். இணையத்தில் எங்கள் வகுப்புக்கென ஒரு பொது இடம் அமைந்தது. அங்கே ஒருவர் எழுதுவதை எல்லோரும் படிக்கலாம். அவரவர்க்கு வசதியான வேளையில் மறுமொழி எழுதலாம். அந்த எழுத்து வகுப்பில் ஆசிரியனாகிய நான் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

தரவுத்தளம் என்றால் என்ன என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புகைவண்டியில் இடம் பதிவு செய்கிறோம். வங்கியில் பணம் போடுகிறோம். நூலகத்தில் புத்தகம் இரவல் வாங்குகிறோம். இவை அனைத்தும் எங்கோ குறித்து வைக்கப்படுகின்றன. அக்குறிப்புகளை ஒழுங்குபடுத்திச் சேமித்து, வேண்டும்போது வேண்டியதை மட்டும் எடுத்துத் தரும் ஏற்பாட்டுக்கே தரவுத்தளம் என்று பெயர். டேட்டாபேஸ் என்று வழங்குவதும் இதுவே. இன்று பெரிதும் பயன்படும் முறையில் குறிப்புகள் அட்டவணைகளாக வைக்கப்படுகின்றன. ஒவ்வோர் அட்டவணையிலும் நிரைகளும் நிரல்களும் இருக்கும். இம்முறைக்கு அடிகோலியவர் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர். 1970ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையே இத்துறையின் போக்கை மாற்றியது. அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்ற இருவர், அட்டவணைகளிடம் வினாக் கேட்பதற்கென ஒரு மொழியை வகுத்து 1974இல் வெளியிட்டனர். எஸ்.கியூ.எல். என்று இன்று நாம் கற்கும் மொழி அதிலிருந்து வளர்ந்ததே. அம்மொழியில் நாம் எழுதும் வினாவை வினவல் என்கிறோம்.

இப்பாடத்துக்கு ஒரு தனி இயல்பு உண்டு. வினவலில் எழுத்துப் பிழை இருந்தால் கணினி உடனே முறையிடும். கருத்துப் பிழை இருந்தாலோ முறையிடாது. கேட்டதற்கு விடை தந்துவிட்டு வாளா இருக்கும். தவறான விடையும் சரியான விடையைப் போலவே வரிசை வரிசையாக, அழகாக, திரையில் வந்து நிற்கும். எழுதியவன் கண்ணுக்கு அப்பிழை எளிதில் புலப்படாது. இன்னொருவர் கண் வேண்டும். இதனாலேயே தரவுத்தளப் பாடத்தில் கலந்துரையாடல் இன்றியமையாதது ஆகிறது.

கலந்துரையாடிக் கற்பது நமக்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், மாணவன் கற்கும் முறையைக் கணக்கிட்டே கூறுகிறது. ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு அறிவுதான். உடன் கற்போரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு கிடைக்கும். மீதி அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு விளங்க எடுத்துரைக்கும்போதே கைகூடும். இக்கணக்கை நான் முதல் நாளே மாணவர்க்குச் சொன்னேன். கூடவே ஒரு தவறும் செய்தேன். உரையாடலில் பங்கு கொள்வோர்க்கு 10 மதிப்பெண் என்று அறிவித்துவிட்டேன்.

அதன் பயன் மறுநாளே தெரிந்தது. ஒருவர் ஒரு கருத்தை எழுதுவார். அதன்கீழ், “மிக நல்ல கருத்து”, “நானும் இவ்வாறே எண்ணினேன்”, “நன்றி நண்பரே” என்று வரிசையாக மறுமொழிகள் வந்து குவியும். பந்தியில் இலை போட்டு, சோறு பரிமாறாமல் தண்ணீர் மட்டும் தெளித்தது போல இருந்தது. எழுதினோர் எண்ணிக்கை பெருகியது. கற்றோர் எண்ணிக்கை பெருகியதாகத் தெரியவில்லை. சிலர் ஒன்றுமே எழுதவில்லை. எழுதாதவர்க்கு எல்லாம் விளங்கிவிட்டது போலும் என்று நான் என் மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

மூன்றாம் வாரத்தில் ஒரு பயிற்சி கொடுத்தேன். எங்கள் கல்லூரி நூலகத்தின் பழைய இரவல் பதிவேட்டை இரண்டு அட்டவணைகளாகச் செய்து கொடுத்திருந்தேன். முதல் அட்டவணையில் மாணவர் எண்ணும் பெயரும். இரண்டாவதில் இரவல் போன புத்தகமும் அதை வாங்கியவரின் மாணவர் எண்ணும். ஒரு புத்தகம்கூட இரவல் வாங்காத மாணவர் யார் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதுவே வினா.

அன்று மாலை ஒரு மாணவன் எழுதினான்: “சார், வினவல் வேலை செய்யவில்லை. உதவுங்கள்.”

இதற்கு என்ன விடை சொல்ல முடியும்? மருத்துவரிடம் போய், “உடம்பு சரியில்லை, மருந்து கொடுங்கள்” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது போன்றது இது. எங்கே வலி, எப்பொழுது தொடங்கியது, என்ன உண்டாய் என்று அவர் கேட்க வேண்டியிருக்கிறது. நானும் அவ்வாறே கேட்டேன். “நீ எழுதிய வினவலை எழுத்து மாறாமல் அப்படியே இங்கே இடு. என்ன விடை வரும் என்று எதிர்பார்த்தாய்? என்ன வந்தது?”

அவன் மறுபடி நன்றாகவே எழுதினான். இரவல் அட்டவணையில் உள்ள மாணவர் எண்களை ஒரு பட்டியலாக எடுத்து, அப்பட்டியலில் இல்லாத எண்ணை உடைய மாணவர்களைத் தருக என்று கேட்டிருந்தான். எஸ்.கியூ.எல். மொழியில் இதற்கு ‘நாட் இன்’ என்னும் தொடர் பயன்படும். “குறைந்தது பத்துப் பேராவது வருவார்கள் என்று எண்ணினேன். ஒருவர்கூட வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை” என்று முடித்திருந்தான்.

அன்று எனக்கு வேறு வேலைகள் இருந்தன. பதிலை விரைவாக எழுதினேன். “ஓர் அட்டவணையில் எண்களுக்கு முன்னே இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் இரண்டு அட்டவணைகளின் எண்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அந்த இடைவெளியை நீக்கிவிட்டால் சரியாகும்” என்பதே நான் எழுதியது. சிறிது நேரத்தில் கேட்டவன் நன்றி தெரிவித்தான். அவனைத் தொடர்ந்து இருபதுக்கு மேற்பட்டோர், “அருமையான விளக்கம் சார்” என்று எழுதினர். நானும் நிறைவோடு அன்றைய வேலையை முடித்துக்கொண்டேன்.

இரவு பதினொரு மணிக்கு எனக்கு ஒரு கடிதம் வந்தது. பொது இடத்தில் அன்று, எனக்கு மட்டும். எழுதியவள், அதுவரையில் வகுப்பில் ஒரு வரிகூட எழுதாத ஒரு மாணவி. கடிதம் ஆங்கிலத்தில் தொடங்கி, இரண்டு வரிக்குப்பின் தமிழுக்கு மாறியிருந்தது.

“சார், தவறாக நினைக்க வேண்டாம். எண்கள் பொருந்தவில்லை என்றால், எந்த மாணவரின் எண்ணும் இரவல் பட்டியலில் இல்லை என்றுதானே ஆகும்? அப்படியானால் எல்லா மாணவர் பெயரும் வர வேண்டும் அல்லவா? ஒருவர்கூட வரவில்லையே. நான் சிறிய அட்டவணை ஒன்று செய்து பார்த்தேன். மூன்று மாணவர், எண்கள் 1, 2, 3. இரவல் இரண்டு, ஒன்று 1ஆம் எண் மாணவருடையது, மற்றொன்றில் எண் குறிக்கப்படவில்லை. எனக்கும் யாரும் வரவில்லை. எண் இல்லாத அந்த ஒரு நிரையை எடுத்துவிட்டேன். உடனே 2, 3 என்ற இருவரும் வந்துவிட்டார்கள்.”

நான் அதை இரண்டு முறை படித்தேன். அவள் சொன்னது முழுவதும் சரி. என் விளக்கம் ஒரு நொடி எண்ணிப் பார்த்தால் உடைந்துவிடும் விளக்கம். அதை நானும் எண்ணிப் பார்க்கவில்லை; அருமை என்று எழுதிய இருபது பேரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்த்த ஒருத்தி வாய் திறக்கவில்லை.

“இதை ஏன் அம்மா எல்லோரும் காணும்படி எழுதவில்லை?” என்று கேட்டேன். “உங்களை நான் திருத்துவது போல ஆகிவிடுமே சார். எனக்கு ஆங்கிலத்தில் சரியாக எழுதவும் வராது” என்று பதில் வந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பெரியோரிடம் மரியாதையாக நடக்க வேண்டும் என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அது நல்ல பழக்கமே. ஆனால் அந்த மரியாதையே, கண்ணெதிரே உள்ள பிழையைச் சுட்டிக் காட்டவிடாமல் தடுக்குமானால், அதனால் ஆசிரியனுக்கும் நன்மை இல்லை. மாணவர்க்கும் நன்மை இல்லை. அறுபது பேர் ஒரு தவறான விளக்கத்தைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு உறங்கப் போயிருந்தார்கள்.

விடிந்ததும் பொது இடத்தில் நானே எழுதினேன்: “நேற்று நான் சொன்ன விளக்கம் தவறு. அது ஏன் தவறு என்பதையும் நம் வகுப்பில் ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். அவரே விளக்குவார். யாரும் தமிழிலோ ஆங்கிலத்திலோ தம் விருப்பம் போல் எழுதலாம்.” நண்பகல்வரை ஒன்றும் வரவில்லை. பிறகு அந்த மாணவியின் பெயர் முதன்முறையாக அங்கே தோன்றியது. தன் மூன்று மாணவர் அட்டவணையை அப்படியே எழுதி, விடையையும் எழுதி, “காரணம் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்” என்று முடித்திருந்தாள்.

அதன்பின் அங்கு நடந்ததுதான் உண்மையான வகுப்பு. இன்னொரு மாணவன் காரணத்தை விளக்கினான். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அட்டவணையில் ஒரு கட்டத்தில் மதிப்பு ஏதும் இல்லையென்றால் அதை ‘நல்’ என்று குறிப்பார்கள். தமிழ்ச் செவிக்கு நல்லது போலக் கேட்கும் இச்சொல்லால் விளையும் தொல்லை மிகுதி. நாம் இங்கே அதை வெற்றிடம் என்போம். வெற்றிடம் என்பது சுழி அன்று. சுழி ஒரு மதிப்பு. வெற்றிடமோ மதிப்பு இன்னதென்று தெரியாத நிலை. ஆகவே, “2 என்பது இந்த வெற்றிடத்துக்குச் சமமா?” என்று கேட்டால், கணினி ‘ஆம்’ என்றும் சொல்லாது, ‘இல்லை’ என்றும் சொல்லாது, ‘தெரியாது’ என்று சொல்லும். நாம் பள்ளியில் பயிலும் தருக்கத்தில் மெய், பொய் என்று இரண்டே உண்டு. எஸ்.கியூ.எல். மொழியில் மெய், பொய், தெரியாது என மூன்று உண்டு.

இப்பொழுது 2ஆம் எண் மாணவரை எடுத்துக்கொள்வோம். இவர் எண் பட்டியலில் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு கூற்றுகள் மெய்யாக வேண்டும். 2 என்பது 1 அன்று, இது மெய். 2 என்பது அந்த வெற்றிடம் அன்று, இது தெரியாது. ஒன்று மெய், ஒன்று தெரியாது என்றால் இரண்டும் சேர்ந்து தெரியாது என்றே ஆகும். ஐயமின்றி மெய்யான நிரைகளை மட்டுமே கணினி எடுத்துத் தரும். எனவே 2ஆம் எண் மாணவர் விடையில் இடம் பெறவில்லை. 3ஆம் எண் மாணவருக்கும் இதே கதி. 1ஆம் எண் மாணவரோ இரவல் வாங்கியவர், அவரும் வரமாட்டார். பதிவேட்டில் ஆயிரம் நிரைகள் இருந்தாலும், அவற்றுள் ஒரே ஒரு வெற்றிடம் இருந்தால் போதும். விடை முழுவதும் வெறுமையாகிவிடும்.

வெற்றிடங்களை நீக்கிவிட்டுப் பட்டியலை எடுக்கலாம்; அல்லது ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்னும் வேறு தொடரால் வினவலை எழுதலாம் என்று அம்மாணவன் இரண்டு வழிகளையும் காட்டினான். அத்துடன் முடிந்தது என்று எண்ணினேன். முடியவில்லை. மற்றொரு மாணவி ஒரு தடை எழுப்பினாள். “எண் குறிக்காத அந்தப் புத்தகத்தை வாங்கியவர் 2ஆம் எண் மாணவராகவே இருந்தால்? அப்பொழுது அவர் இரவல் வாங்காதவர் என்று நாம் சொல்வது பொய்யாகாதா? வெற்றிடத்தை நீக்கினால் விடை வருகிறது. அந்த விடை சரியானதா?”

எவ்வளவு நல்ல கேள்வி! இதற்கு விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை, நூலகத்தில்தான் இருந்தது. முதலில் ஐயம் கேட்ட மாணவன் எங்கள் நூலகருடன் தொலைபேசியில் பேசி விசாரித்துக்கொண்டு வந்தான். எண் குறிக்காத இரவல்கள் யாவும் ஆசிரியர்கள் வாங்கியவை. ஆசிரியர்க்கு மாணவர் எண் ஏது? ஆகவே அந்தக் கட்டங்கள் வெறுமையாக விடப்பட்டிருந்தன. அவற்றுக்குப் பொருள் ‘தெரியாது’ என்பதன்று, ‘பொருந்தாது’ என்பதே. எனவே எங்கள் பதிவேட்டைப் பொறுத்தவரை அவற்றை நீக்குவது சரி.

அவர்கள் அறியாமலே அம்மாணவர்கள் இத்துறையின் பெரிய வழக்கு ஒன்றினுள் புகுந்துவிட்டனர். 1979இல் எட்கர் காட் எழுதிய ஒரு கட்டுரை, வெற்றிடங்களை இம்மூன்று நிலைத் தருக்கத்தால் கையாளும் முறையை எடுத்துரைத்தது. 1990இல் வெளிவந்த நூலில் அவர், மதிப்பு இருந்தும் கிடைக்காத வெற்றிடம் வேறு, மதிப்பே பொருந்தாத வெற்றிடம் வேறு என்று இரண்டாகப் பிரித்தார். அவருடன் நெருங்கிப் பணியாற்றிய சி. ஜே. டேட் என்னும் அறிஞரோ, வெற்றிடம் என்னும் ஏற்பாடே வேண்டா என்று நீண்ட காலம் வாதாடி வந்தார். ஒருவர் கொள்கையை மற்றவர் மறுத்து எழுதினர். ஆயினும் காட்டின் கருத்துகளை உலகெங்கும் பரப்பியவர்களுள் டேட்டே முதன்மையானவர். கருத்து வேற்றுமையும் நட்பும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியும் என்பதற்கு இவர்கள் சான்று.

1974ஆம் ஆண்டு மே மாதம், மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கையும் இங்கே நினைவுகூர வேண்டும். குறிப்புகளைச் சங்கிலிபோல் ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் முறையை வளர்த்த சார்லஸ் பாக்மன் ஒரு பக்கம். அட்டவணை முறையை வகுத்த காட் மறுபக்கம். இருவரும் அவையறிய நேருக்கு நேர் வாதிட்டனர். பாக்மன் அதற்கு முந்திய ஆண்டில் டூரிங் விருது பெற்றவர். காட் அவ்விருதைப் பெற்றது 1981இல். வந்திருந்தோர் இரு தரப்பையும் கேட்டு எடைபோட்டனர். நீங்கள் இன்று பாடமாகப் படிக்கும் துறை, இப்படிப் பலர் கூடிக் கேட்டும் மறுத்தும் வளர்த்த துறையே ஆகும்.

இனி, உங்களுக்குப் பயன்படக்கூடிய சிலவற்றைக் கூறுகிறேன்.

ஐயம் கேட்கும்போது ஐந்து செய்திகளைத் தவறாமல் எழுதுங்கள். எதைக் கண்டுபிடிக்க முயல்கிறீர்கள். அட்டவணைகளில் என்னென்ன நிரல்கள் உள்ளன. எழுதிய வினவல் யாது. எதிர்பார்த்த விடை யாது. வந்த விடை யாது. பிழைச் செய்தி வந்திருந்தால் அதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எடுத்து எழுதுங்கள். திரையைப் படம் பிடித்து அனுப்புவதைவிட எழுத்தாக இடுவது மேல். பிறர் அதை எடுத்துத் தம் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். பயன்படுத்துவது மைஎஸ்கியூஎல்லா, போஸ்ட்கிரெஸ்ஸா, ஆரக்கிளா என்பதையும் குறிப்பிடுங்கள். ஒன்றில் சரியாக ஓடும் வினவல் மற்றொன்றில் ஓடாமல் போவதுண்டு.

கேட்பதற்குமுன், அந்த மாணவி செய்ததுபோலச் சிக்கலைச் சிறிதாக்கிப் பாருங்கள். ஆயிரம் நிரைகளில் தெரியாத பிழை மூன்று நிரைகளில் பளிச்சென்று தெரியும். பல வேளைகளில் கேள்வியை ஒழுங்காக எழுதி முடிப்பதற்குள் விடை நமக்கே தோன்றிவிடும். அப்படித் தோன்றினால் கேள்வியை அழித்துவிடாதீர்கள். விடையோடு சேர்த்து இடுங்கள். “சரியாகிவிட்டது, நன்றி” என்று மட்டும் எழுதிவிட்டு மறைவது நல்ல பழக்கமன்று. எப்படிச் சரியாயிற்று என்று ஒரு வரி சேர்த்தால், பின்னால் வருவோர் அதைப் படித்துப் பயன் பெறுவர்.

விடை சொல்லும்போது, பயிற்சிக்குரிய வினவலை முழுவதும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அது உதவி போலத் தோன்றும். கேட்டவனுடைய அரைப் பங்கு கல்வியை நாம் பறித்துக்கொள்வதாக முடியும். எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டுவது போதும். எழுதுமுன் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். நான் அன்று அதைச் செய்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடம் இருந்திராது.

மறுக்கும்போது கருத்தை மறுத்து எழுதுங்கள். ஆளைப் பற்றி எழுத வேண்டா. “நீ சொல்வது தவறு” என்பதைவிட, “நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன், எனக்கு இவ்வாறு வந்தது” என்பது பயனுடையது. இவ்வாறு எழுதினால், எதிரில் இருப்பவர் நண்பரானாலும் ஆசிரியரானாலும் மனம் புண்படாது. மரியாதைக்கும் உண்மைக்கும் பகை நேராது. எழுத்தில் முகம் தெரியாது, குரல் கேளாது. ஆதலின் நேரில் சொல்வதைவிடச் சற்று மென்மையாகவே எழுத வேண்டும்.

2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜெனிபர் விடம் தம் தரவுத்தளப் பாடத்தை இணையத்தின் வழியே கட்டணமின்றி உலகுக்குத் திறந்துவிட்டார். பல்லாயிரம் பேர் அதில் சேர்ந்தனர். அத்தனை பேருக்கும் ஓர் ஆசிரியர் தனித்தனியே விடை சொல்வது எங்ஙனம்? அத்தகைய வகுப்பில் மாணவர் மாணவர்க்கு விளக்கினாலன்றிப் பாடம் நடவாது. நம் நாட்டிலும் இப்பொழுது இணையவழிப் படிப்புகள் பெருகி வருகின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் அறிவித்த இணையவழிப் பட்டப்படிப்பிலும் தரவுத்தளம் ஒரு பாடம். உங்களுள் பலர் இத்தகைய வகுப்புகளில் சேரக்கூடும். அங்கே உங்களை எழுப்பிக் கேள்வி கேட்பார் யாரும் இரார். நீங்களே எழுந்து நிற்க வேண்டும்.

நான் கற்றுக்கொண்ட பாடத்தைச் சொல்லி முடிக்கிறேன். என் வகுப்பில் ஒன்றும் எழுதாதவர்கள் எல்லோரும் விளங்கிக்கொண்டவர்கள் என்று நான் கொண்டிருந்தேன். அதாவது, வெற்றிடத்தை ‘ஆம்’ என்று படித்தேன். கணினி அவ்வாறு படிப்பதில்லை. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுகிறது. அதன்பிறகு பங்கேற்புக்கான மதிப்பெண்ணை எடுத்துவிட்டேன். மாறாக, வாரந்தோறும் ஒவ்வொரு மாணவரும், தமக்கு விளங்காத ஒன்றை எழுத வேண்டும் என்று ஏற்படுத்தினேன். “அருமை சார்” என்னும் மறுமொழிகள் குறைந்தன. “செய்து பார்த்தேன், வரவில்லை” என்பவை மிகுந்தன. அந்த மாணவி பருவம் முடிவதற்குள் என்னை இன்னும் இரண்டு முறை திருத்தினாள். இரண்டு முறையும் எல்லோரும் காணவே திருத்தினாள்.

உங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு பேசாத ஐயம் யார் மனத்திலேனும் இருக்கும். அது உங்கள் மனத்திலேயே இருக்குமானால், இன்றிரவே அதை எழுதிவிடுங்கள்.